வாய் கோணினால் முதலில் நெற்றியைப் பாருங்கள்

கிணற்றடியில் நின்று வாய் கொப்பளித்துத் துப்பினால் தண்ணீர் முன்னுக்குப் போய் விழ வேண்டும். அன்று காலை சித்தப்பாவுக்கு அது இடப்பக்கக் கடைவாயால் வழிந்து சாரத்தை நனைத்தது. இன்னொரு தரம் கொப்பளித்தார், அதே கதை. வயலுக்குப் போகிற அவசரத்தில் அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தேத்தண்ணியும் நாடியால் வழிந்தபோதுதான் சித்தி நிமிர்ந்து பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, என்ன வாய் ஒரு பக்கமாப் போகுது?"

அரை மணித்தியாலத்துக்குள் முற்றத்தில் ஏழெட்டுப் பேர். ஒருவர் பாரிசவாதம் என்றார். இன்னொருவர் கச்சான் காற்று, அதுதான் தென்மேற்கிலிருந்து வீசுகிற வறண்ட காற்று, அடித்திருக்கிறது என்றார். ஆவணி மாதம், சிறுபோக அறுவடைக் காலம், காற்றும் உண்மையாகவே சுழற்றி அடித்துக்கொண்டுதான் இருந்தது. பக்கத்து வளவு ஆச்சி, "பொழுதுபட்ட நேரம் தனியக் குளக்கட்டால வந்தவன், வேற என்ன?" என்று கதையை முடித்தே விட்டார். அன்றைய நாள் நூல் கட்டுவதிலும் எண்ணெய் தடவுவதிலும் போயிற்று. அடுத்த நாள் பின்னேரம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அவருக்கு வந்திருந்தது முகவாதம், அதாவது முக நரம்பு செயலிழப்பு. நான் டொக்டர் இல்லை. அடுத்து வந்த மாதங்களில் கிளினிக் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவரோடு போய்வந்த ஆள். அங்கே கேட்டுத் தெரிந்ததையும் பிறகு தேடிப் படித்ததையும் இந்த வருத்தத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல இங்கே எழுதுகிறேன்.

ஒரு நரம்பு, ஐந்து கிளை

மூளையிலிருந்து தலைப்பகுதிக்குப் பன்னிரண்டு சோடி நரம்புகள் வருகின்றன. அவற்றில் ஏழாவதுதான் முக நரம்பு. வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று. மூளைத் தண்டிலிருந்து புறப்பட்டு, காதுக்குப் பக்கத்து எலும்புக்குள் இருக்கும் ஒரு ஒடுங்கிய குழாய் வழியாக வளைந்து வளைந்து வந்து, காதுச் சோணைக்குக் கீழே வெளிப்படுகிறது. பிறகு கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைந்து ஐந்து கிளையாகப் பிரிகிறது. நெற்றிக்கு, கண்ணுக்கு, கன்னத்துக்கு, கீழுதட்டுக்கு, கழுத்துக்கு என்று. பெரிய வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால்கள் பிரிந்து வயல் வயலாகப் போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பது, கண்ணை மூடுவது, புருவத்தை உயர்த்துவது, விசிலடிப்பது எல்லாம் இந்தத் தண்ணீரில்தான் நடக்கிறது.

வழியில் அது வேறு சில வேலையும் பார்க்கிறது. நாக்கின் முன்பக்க மூன்றில் இரண்டு பங்கின் சுவை இந்த நரம்போடுதான் மூளைக்குப் போகிறது. கண்ணீரும் உமிழ்நீரும் சுரக்கச் சொல்லும் இழைகளும் இதில் உண்டு. காதுக்குள் ஒரு சின்னஞ்சிறு தசை இருக்கிறது. பெரிய சத்தம் வரும்போது அது இறுகி உட்காதைக் காக்கும். அதற்கும் இந்த நரம்பே எசமான். அதனால் நரம்பு கெட்டால் வாய் கோணுவதோடு விஷயம் நிற்பதில்லை. சித்தப்பாவுக்கு மீன் குழம்பு தகரம் நக்குவதுபோல இருந்ததாம். கோயில் லவுட்ஸ்பீக்கர் தொடங்கினால் இடக்காதைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார். முதல் நாளுக்கு முந்திய இரவு காதுக்குப் பின்னால் ஒரு குத்தல் இருந்ததையும், "காதுக்குத்து எண்டு நினைச்சன்" என்று பிறகுதான் சொன்னார். பலருக்கு அந்த வலிதான் முதல் தந்தி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வாய் எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்கத்தில்தான் வருத்தம் என்று எல்லோரும் நினைப்பார்கள். நேர்மாறு. கயிறிழுத்தல் போட்டியில் ஒரு பக்கத்தார் கையை விட்டால் கயிறு மற்றப் பக்கம் போகும், அல்லவா? சித்தப்பாவின் இடப்பக்கம் கையை விட்டுவிட்டது. வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. எண்ணெய் தடவியவர்கள் முதல் நாள் முழுக்கத் தடவியது நல்லாயிருந்த வலப்பக்கத்தில்!

இன்னொரு குழப்பம் 'விறைப்பு'. முகம் மரத்துப் போய்விட்டது என்று நோயாளி சொல்வார். கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தால் வலிக்கும். முகத்தின் தொடு உணர்ச்சி வேறொரு நரம்பின் வேலை, ஐந்தாவது நரம்பு. முகவாதத்தில் போவது அசைவு. அசையாத தசை கனமாக, மரத்ததுபோலத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

பேச்சில் முதலில் அடிபடுவது உதடு சேரும் எழுத்துகள். ப, ம இரண்டும். 'அப்பா' என்று சொல்லப் போனால் கடைவாயால் காற்று போய் 'அஃபா' என்று வரும். 'கண்ணன்' என்ற பெயர் பிசகில்லாமல் வரும், 'பாப்பம்மா' திண்டாடும். சாப்பிடும்போது சோறு கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் போய்த் தங்கிவிடும், விரல் போட்டுத்தான் எடுக்க வேண்டும். சித்தப்பா ஒரு கிழமைக்கு மேல் சுவரைப் பார்த்து இருந்துதான் சாப்பிட்டார்.

பாரிசவாதமா, முகவாதமா

இதுதான் முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இரண்டிலும் வாய் கோணும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு, அவசரமும் வேறு. வித்தியாசத்தைக் காட்டித் தருவது நெற்றி.

"புருவத்தை உயர்த்துங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். முக நரம்பே கெட்டிருந்தால் அந்தப் பக்க நெற்றியில் சுருக்கம் விழாது, புருவம் ஏறாது, கண்ணும் முழுதாக மூடாது. மூளையில் இரத்தக் குழாய் அடைத்து வரும் பாரிசவாதத்தில் வாய் கோணியிருந்தாலும் இரண்டு பக்க நெற்றியும் பெரும்பாலும் சுருங்கும்.

ஏன் அப்படி? இரண்டு குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள், மூளையின் இரண்டு பாதிக்கும் ஒவ்வொன்று. வாய்ப்பக்கத்து வயலுக்கு எதிர்ப்பக்கக் குளத்துத் தண்ணீர் மட்டும்தான் வருகிறது. நெற்றி என்ற வயலுக்கோ இரண்டு குளத்திலிருந்தும் தண்ணீர் வருகிறது. ஒரு குளத்தின் துருசு, அதாவது மதகு, அடைபட்டால் வாய்ப்பக்கம் காயும், நெற்றிக்கு மற்றக் குளம் கைகொடுக்கும். ஆனால் வயலடியில் இருக்கும் கடைசி வாய்க்காலே உடைந்தால் இரண்டு குளமும் நிரம்பி வழிந்தாலும் நெற்றிக்கும் இல்லை, வாய்க்கும் இல்லை. அந்தக் கடைசி வாய்க்கால்தான் முக நரம்பு.

சரி, நெற்றி சுருங்கவில்லை, அப்போ பாரிசவாதம் இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிடலாமா? கூடாது. மூளைத் தண்டில் வரும் சில அடைப்புகள் நெற்றியையும் சேர்த்தே விழுத்தும். கை கால் சோர்வு, நாக்குக் குழறல், சொல் வராமை, இரட்டையாகத் தெரிதல், தள்ளாட்டம், திடீரென்று வந்த கடுந்தலையிடி, இவற்றில் ஒன்று கூட இருந்தாலும் உடனே (இலங்கையில்) 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். முற்றத்தில் நின்று நெற்றியை ஆராய்வது அதற்குப் பிறகு. பாரிசவாதத்தில் கணக்கு மணித்தியாலத்தில். முகவாதத்தில் கணக்கு நாளில், அதுவும் மூன்றே நாளில்.

எங்கிருந்து வருகிறது

முகவாதத்தில் பெரும்பங்கு 'பெல்லின் வாதம்' என்று பெயர் சொல்லப்படும் வகை. 1774 முதல் 1842 வரை வாழ்ந்த ஸ்கொட்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் சேர் சார்ள்ஸ் பெல் 1821இல் முக நரம்பைப் பற்றி எழுதியதால் வந்த பெயர். தொலைபேசி பெல் வேறு ஆள். பாரசீக மருத்துவர் அல்-ராஸி ஆயிரம் ஆண்டுக்கு முன்பே முகம் கோணுவதைப் பற்றியும் மூளையிலிருந்து வரும் கோணலிலிருந்து அதைப் பிரித்தறிவதைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

வேறு காரணம் ஒன்றும் பிடிபடாதபோதுதான் டொக்டர்மார் பெல்லின் வாதம் என்று எழுதுவார்கள். பலமான சந்தேகம் ஒரு வைரஸ்மீது. உதட்டோரம் காய்ச்சல் கொப்புளம் போடுகிற அதே ஹெர்பிஸ் வைரஸ்தான். சின்ன வயதில் உடம்புக்குள் வந்து நரம்பு முடிச்சில் ஒளிந்திருந்து, எப்போதாவது எழும்பும் என்று கருதுகிறார்கள். எழும்பினால் நரம்பு வீங்கும். வீங்குகிற இடம்தான் பிரச்சினை. எலும்புக் குழாயின் மிக ஒடுங்கிய இடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம். விரல் வீங்கினால் மோதிரம் இறுக்குமே, அதுபோல எலும்பு நரம்பை இறுக்குகிறது. மோதிரத்தையாவது வெட்டலாம்.

ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேரில் சுமார் 15 முதல் 30 பேருக்கு வருகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கிளிநொச்சி மாவட்டத்தின் சனத்தொகை 2012 குடிசன மதிப்பீட்டில் ஒரு இலட்சத்துக்குச் சற்று மேல். அந்தக் கணக்கை அப்படியே வைத்துப் பார்த்தால் ஒரு மாவட்டத்தில் மாதத்துக்கு ஒருவர், இருவர். நாங்கள் நினைக்கிற அளவுக்கு இது அபூர்வம் இல்லை. சீனி வருத்தக்காரருக்கும், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்திலும் பிள்ளை பெற்ற உடனேயும் பெண்களுக்கும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது. கூடுதல் பிரஷர் உள்ளவர்களுக்கும் அப்படியே.

கச்சான் காற்று? காற்றுத்தான் இதைக் கொண்டுவருகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் மூடாத கண்ணுக்கு அந்தக் காற்று பெரிய எதிரி. அதற்குக் கீழே வருகிறேன்.

மூன்று நாள்

ஆஸ்பத்திரியில் டொக்டர் சித்தப்பாவை முகத்தால் சர்க்கஸ் காட்ட வைத்தார். புருவத்தை உயர்த்து, கண்ணை இறுக்கி மூடு, பல்லைக் காட்டு, கன்னத்தை ஊது. கண்ணை மூடச் சொன்னபோது இடது இமை பாதியில் நின்றது, உள்ளே கருவிழி மேல்நோக்கி உருண்டு வெள்ளை மட்டும் தெரிந்தது. சித்தி 'ஐயோ' என்று வாயைப் பொத்தினார். அது பயப்படுகிற விஷயம் இல்லை, கண்ணை மூடும்போது பெரும்பாலானோருக்கு விழி மேலேதான் போகும், இமை மறைப்பதால் தெரிவதில்லை என்று டொக்டர் சொன்னார். அதற்கும் பெல்லின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

பிறகு காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், காதுக்கு முன்னால் கட்டி இருக்கிறதா என்று தடவினார், கை கால் பலம் பார்த்தார், பிரஷரும் சீனியும் பார்த்தார். ஸ்கான் எடுக்கவில்லை. சித்தப்பாவுக்கு அதில் கொஞ்சம் மனக்குறை. ஆனால் திடீரென்று வந்த, வேறு அறிகுறி இல்லாத முகவாதத்துக்கு எல்லோருக்கும் ஸ்கான் தேவையில்லை. கண்ணும் கையும் பார்த்தே பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிடலாம்.

எழுதித் தந்தது பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை. வீக்கத்தைக் குறைக்கிற மருந்து. தொடங்கி 72 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் அதன் முழுப் பலன். நாங்கள் ஒன்றரை நாளைக் கரைத்துவிட்டுப் போனோம், ஆனாலும் வாசல் மூடவில்லை.

இதில் ஆளை யோசிக்க வைக்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் மருந்தே கொடுக்காமல் 25 வருட காலம் நோயாளிகளைக் கவனித்துப் பதிந்து 2002இல் வெளியிட்டார்கள். பெல்லின் வாதம் வந்த 1,701 பேரில் 71 சதவீதமானோர் முழுதாகவே சுகப்பட்டார்கள். 85 சதவீதமானோருக்கு மூன்று கிழமைக்குள் அசைவு திரும்பத் தொடங்கிவிட்டது. ஒரு மருந்தும் இல்லாமல்! அப்படியென்றால் குளிசை எதற்கு? ஸ்கொட்லாந்தில் 551 பேரைச் சேர்த்து நடத்தி 2007இல் வெளியான ஆய்வு அதற்குப் பதில். ஒன்பதாம் மாத முடிவில் பிரெட்னிசொலோன் எடுத்தவர்களில் 94 சதவீதத்துக்கும் மேல் முழுச்சுகம், எடுக்காதவர்களில் கிட்டத்தட்ட 82 சதவீதம். மூன்றாம் மாதத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது, 83க்கு 64. அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து அதே ஆய்வில் பயன் ஒன்றும் காட்டவில்லை. கடுமையாக விழுந்த முகத்துக்கு ஸ்டீரொயிட்டோடு சேர்த்துச் சில டொக்டர்மார் வைரஸ் மருந்தும் தருவதுண்டு.

இந்த 71 சதவீதத்தில்தான் எங்கள் ஊர் வைத்தியங்களின் புகழ் எல்லாம் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். நூல் கட்டியவருக்கும் சுகம் வந்தது, எண்ணெய் பூசியவருக்கும் வந்தது, புறா இரத்தம் தடவியவருக்கும் வந்தது, ஒன்றுமே செய்யாதவருக்கும் வந்தது. பத்துப் பேரில் ஏழு பேருக்குத் தானாக ஆறுகிற வருத்தத்துக்கு எதைச் செய்தாலும் பலிக்கும். நூல் கட்டுவதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, மனசுக்குத் தெம்பு வந்தால் கட்டட்டும். குளிசையை வாயில் போட்டுவிட்டுக் கட்டட்டும்.

ஸ்டீரொயிட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இது பாமசியில் கேட்டு வாங்கி விழுங்குகிற சாமான் இல்லை. சீனி வருத்தக்காரருக்குச் சீனியைச் சடாரென்று ஏற்றும், அவர்களுக்கு மருந்து கொடுக்கும்போதே சீனியையும் அடிக்கடி பார்க்க வேண்டும். வயிற்றுப் புண், பழைய காசநோய், கர்ப்பம் இருந்தால் டொக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதேபோல், முகம் கொஞ்சம் அசைந்தவுடன் நாளை எண்ணாமல் நிறுத்திவிடுவதும் எங்கள் ஆட்களின் வழக்கம். சொன்ன நாள்வரை எடுங்கள்.

கண்

கோணின வாய் பார்க்கிறவர்களுக்குத்தான் பயங்கரம். நிரந்தரமாகக் கெடக்கூடியது கண். கோணல் ஆறு மாதம் கழித்து மாறினாலும் மாறலாம், கருவிழியில் விழுந்த தழும்பு மாறாது.

நாங்கள் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து தடவையாவது கண் சிமிட்டுகிறோம். ஒவ்வொரு சிமிட்டும் கண்ணீரைப் பூசிவிடுகிற ஒரு துடைப்பு. அது நின்றால் கருவிழி காயும், தூசி படியும், கீறல் விழும், புண்ணாகும். கண்ணால் தண்ணீர் ஓடுகிறதே, பிறகு எப்படிக் காயும் என்று சித்தப்பா கேட்டார். கீழிமை தளர்ந்து தொங்குவதால் கண்ணீர் தங்காமல் வெளியே வழிகிறது. வழிகிற கண்ணும் காய்ந்த கண்ணாக இருக்கலாம்.

எங்கள் வட இலங்கை வன்னியில் இது இரட்டிப்புக் கவனம் கேட்கிறது. கிரவல் வீதியில் முன்னால் ஒரு டிப்பர் போனால் பின்னால் வருகிறவர் கண்ணைத் திறக்க முடியாது. அறுவடை மெஷின் ஓடுகிற வயலில் நெற்சுணை பறக்கும். இமை மூடாத ஒருவர் அங்கே போய் நிற்பது கண்ணைக் காணிக்கை வைப்பதற்குச் சமம். சித்தப்பாவை அந்தப் போகம் முடியும்வரை வயலுக்குள் விடவில்லை. அவருக்கு அது முகத்தைவிடப் பெரிய வருத்தம். வரம்பில் கறுப்புக் கண்ணாடியோடு நின்று தம்பிமாரை ஏசிக்கொண்டிருந்தார்.

செய்ய வேண்டியது கடினமில்லை. பகலில் செயற்கைக் கண்ணீர்த் துளி, ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால். படுக்கப் போகும்போது கண்ணுக்குப் போடுகிற களிம்பு. வெளியில் போனால் பக்கமும் மறைக்கிற கண்ணாடி, மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு. ஃபான் காற்று முகத்தில் நேரே அடிக்காமல் திருப்பிவைக்க வேண்டும். இரவில் இமையை மூடி ஒட்ட வேண்டும். இந்த ஒட்டுவதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். முதலில் களிம்பு போட்டு, கீழே பார்க்கச் சொல்லி, விரலின் பின்பக்கத்தால் மேலிமையை மெதுவாக இறக்கி மூடிப் பிடித்துக்கொண்டு, மெல்லிய ஆஸ்பத்திரி டேப்பை இமைமேல் குறுக்காக ஒட்ட வேண்டும். உள்ளே கண் திறந்திருக்க, மேலே பஞ்சை வைத்துக் கட்டிவிட்டால் அந்தப் பஞ்சே கருவிழியை இரவு முழுக்க உரசும். சித்திக்கு இது பிடிபட நான்கு இரவு சென்றது. முதல் இரவு ஒட்டிய டேப்பைக் காலையில் கழற்றியபோது புருவத்து மயிரும் பாதி வந்துவிட்டது!

தாய்ப்பால், தேன், இலைச் சாறு எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். கண் சிவந்தால், குத்தினால், வெளிச்சத்துக்குக் கூசினால், பார்வை மங்கினால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கவும் வேண்டாம். அன்றைக்கே கண் டொக்டர். துணுக்காயிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒருநாள் உழைப்புப் போகும் என்பது தெரியும். போனால் போகட்டும்.

எது பெல்லின் வாதம் இல்லை

காதுக்குள்ளோ காதைச் சுற்றியோ வாய்க்குள்ளோ கொப்புளம் போட்டு, காது கடுமையாக வலித்து, முகம் விழுந்தால் அது சின்னம்மையைக் கொண்டுவரும் வைரஸின் வேலை. 1907இல் அமெரிக்க மருத்துவர் ராம்சே ஹண்ட் இதைப் பற்றி எழுதினார். இதில் காது கேட்பது குறைவதும் தலைச்சுற்றும் சேர்ந்து வரலாம். வைரஸ் மருந்தும் ஸ்டீரொயிட்டும் சீக்கிரம் தேவை. சுகப்படுவதும் பெல்லின் வாதத்தைவிடக் கொஞ்சம் மந்தம்.

நடுக்காதுச் சீழ், தலையில் அடிபட்டு எலும்பு வெடித்தல், உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி, இவையும் முகத்தை விழுத்தும். கிழமைக் கணக்கில் மெல்ல மெல்லக் கோணிக்கொண்டே போனால் கட்டியை நினைக்க வேண்டும். பெல்லின் வாதம் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வந்துவிடும், மாதக்கணக்கில் வளராது. இரண்டு பக்கமும் ஒன்றாக விழுந்தாலும் வேறு காரணம் தேட வேண்டும். தொழுநோயும் கண்ணை மூடவைக்கும் நரம்புக் கிளையைப் பிடிக்கும். இலங்கையில் இன்னும் ஆண்டுதோறும் புதிய தொழுநோயாளர் கண்டுபிடிக்கப்படுகிறார்கள், ஆகவே உடம்பில் எங்காவது உணர்ச்சியற்ற வெளிறிய படை இருந்தால் வெட்கப்படாமல் காட்டுங்கள். மருந்தால் முழுதாக மாறுகிற நோய் அது.

எங்கள் ஆட்களுக்கென்று தனியாகச் சொல்ல ஒன்று உண்டு. முகம் தெளியாமல் இழுத்துக்கொண்டே போனால் எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள். அது பெரிய காந்தம். யுத்த காலத்து ஷெல் துண்டு உடம்பில் எங்கே இருந்தாலும், எத்தனை வருடமாக ஒன்றும் செய்யாமல் கிடந்தாலும், படுக்கப் போகும் முன் சொல்லியே ஆக வேண்டும். கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள். இரும்புத் துண்டு காந்தத்துக்கு இழுபடலாம், கண்ணுக்கோ மூளைக்கோ பக்கத்தில் என்றால் ஆபத்து. எந்த இடம் என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

திரும்பி வருவது

நரம்பு இறுகினது மட்டும் என்றால் வீக்கம் வடிந்ததும் ஓட்டம் திரும்பிவிடும். சில கிழமை வேலை. உள்ளிழைகள் செத்தே போயிருந்தால் அடியிலிருந்து முளைத்து வர வேண்டும். நரம்பு முளைக்கும் வேகம் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில். காதுக்குப் பின்னாலிருந்து உதடுவரை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நடந்து வருவதென்றால் மாதங்கள் பிடிக்கும்தானே.

சித்தப்பாவுக்கு முதலில் வந்தது சுவை. பதினெட்டாம் நாள் கன்னத்தில் ஒரு துடிப்பு, எறும்பு ஊர்ந்த மாதிரி. அதற்குப் பிறகுதான் கண்ணாடி முன் பயிற்சி. அதற்கு முன் தசையே அசையாத காலத்தில் விரலால் மெதுவாகத் தடவிவிடுவதோடு சரி. பயிற்சியிலும் ஊரில் எல்லோரும் சொன்னது, "நல்லா பலூன் ஊது, சூயிங்கம் சப்பு" என்று. பிசியோதெரபியில் சொன்னதோ மெதுவாக, சின்னதாக, இரண்டு பக்கமும் ஒரே அளவில். பல்லைக் கடித்துக்கொண்டு பலமாக இழுத்தால் நல்ல பக்கம்தான் இன்னும் கூட இழுக்கும், திரும்பி வருகிற பக்கமும் பிழையான பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஐந்து பத்து நிமிடம் போதும். கரண்ட் பிடிப்பதால், அதாவது மின்சாரத்தால் முகத்தசையைத் தூண்டுவதால், நன்மை என்று உறுதியாக நிரூபணமாகவில்லை. நான் அதற்குக் காசு கொடுக்கமாட்டேன்.

மூன்று மாதம் முடிந்தும் முகம் முழுதாகத் திரும்பவில்லை என்றால், அல்லது ஒரு அசைவுமே இல்லை என்றால், திரும்பப் போய்க் காட்ட வேண்டும். அந்தக் கட்டத்தில் காரணத்தை மறுபடி தேடுவார்கள். கண் மூடாமலே நின்றுவிட்டவர்களுக்கு மேலிமைக்குள் சின்னத் தங்க எடை வைத்துத் தைக்கிற சிகிச்சை உண்டு, வேறு நரம்பைக் கொண்டுவந்து தொடுக்கிற சத்திரசிகிச்சையும் உண்டு. மிகச் சிலருக்கே தேவைப்படும். ஒருமுறை வந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேரளவில் பிறகு எப்போதாவது திரும்ப வருவதும் உண்டு.

முளைத்து வருகிற இழைகள் சில நேரம் வழி மாறும். வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்குப் போய்ச் சேரும், ஒரு வயலுக்குத் திறந்த தண்ணீர் பக்கத்து வயலுக்குள் பாய்வதுபோல. அப்போது சிரித்தால் கண் சுருங்கும், கண்ணை மூடினால் வாயோரம் துடிக்கும். சிலருக்கு உமிழ்நீருக்குப் போக வேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய், சாப்பிடும்போது கண்ணீர் ஓடும். முதலைக் கண்ணீர் என்று இதற்குப் பெயர், நடிப்பு ஒன்றும் இல்லை. நாலாம், ஐந்தாம் மாதமளவில்தான் இது தலைகாட்டும். கண்ணாடிப் பயிற்சியால் ஓரளவு அடங்கும். கூடுதலாக இருந்தால் பொட்டொக்ஸ் ஊசியால் அந்தத் தசையைத் தளர்த்துவார்கள், சில மாதத்துக்கு ஒருக்கால் திரும்பப் போட வேண்டும்.

சித்தப்பா தைப்பொங்கலுக்கு முன்னமே நேராகிவிட்டார். வாய் கொப்பளித்தால் தண்ணீர் முன்னுக்குத்தான் போய் விழுகிறது. போன மாதம் வவுனியாவுக்குப் போய்விட்டு வரும் வழியில் வழக்கம்போல முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கினோம். தேங்காய் அடித்துவிட்டு ஒரு பை கச்சான் வாங்கினார். நிலக்கடலைக்கும் எங்கள் பக்கத்தில் கச்சான் என்றுதான் பெயர். பஸ்ஸுக்குள் இருந்து கொறிக்கும்போது கவனித்தேன். ஒவ்வொரு தரம் சப்பும்போதும் இடக்கண் கொஞ்சம் சுருங்குகிறது. நான் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "கண்ணடிக்கிறன் எண்டு நினையாத" என்றார். "கச்சான் அடிச்சுத்தான் வந்ததெண்டாங்கள். இப்ப கச்சான் சப்பினாத்தான் தெரியுது."